பறக்கவைத்துப் படமெடுப்பவர்களுக்கு

அந்த ட்ரோன் வீடியோவை எல்லோரும் பார்த்தாயிற்று. எனக்கே 40 பேர் அனுப்பியிருக்கிறீர்கள், ‘அண்ணே, உங்களுக்குப் பிடிக்கும்’ என்று. ஏரிக்கு நடுவே கருவேல மரங்கள், மரம் கொள்ளாமல் கூடுகள், மேலேயிருந்து இறங்கும் கேமரா, ஒரே நொடியில் வானத்தை மறைக்கும் நாரைக் கூட்டம், பின்னணியில் புல்லாங்குழல். இரண்டு நாள் பொதுவில் வாயைத் திறக்காமல் இருந்தேன். இன்று காலை ஒரு பெரிய பக்கம் அதை எடுத்து ‘இயற்கையின் நடனம்’ என்று தலைப்புப் போட்டிருப்பதைப் பார்த்ததும் பொறுக்க முடியவில்லை. ‘இது நடனம் இல்லை, கூட்டிலிருந்து விரட்டுவது’ என்று கீழே எழுதிவிட்டேன். அதற்கு வந்த பதில்களுக்குத்தான் இது.

கூட்டில் இருக்கும் பறவை சும்மா எழும்பாது. இதை மட்டும் மனசில் வாங்கிக்கொண்டு அந்த வீடியோவை இன்னொரு முறை ஓடவிடுங்கள்.

14ஆவது நொடியில் நிறுத்துங்கள். பெரியவை எல்லாம் போன பிறகு மரத்தில் வெள்ளை வெள்ளையாகச் சில புள்ளிகள் மிச்சம் இருக்கும். குஞ்சுகள். சங்குவளை நாரையின் குஞ்சுகள். உடம்பில் பஞ்சு போன்ற தூவியைத் தவிர ஒன்றும் கிடையாது. மரங்களின் நிழலையும் பாருங்கள், அடிமரத்தை விட்டு நகரவே இல்லை. உச்சிவேளை. அந்த நேரத்தில் தாயோ தந்தையோ சிறகை விரித்துத் தன் முதுகில் வெயிலை வாங்கிக்கொண்டு குஞ்சுகளுக்குக் குடை பிடித்து நிற்கும். அந்தக் குடையைத்தான் ட்ரோன் பிடுங்கியது. உங்களுக்கு அது நடனமாகத் தெரிந்தது.

வக்காவும் கொக்கும் கட்டும் கூட்டைக் கீழேயிருந்து பார்த்திருக்கிறீர்களா? நாலு சுள்ளியை அள்ளி வைத்த மாதிரி இருக்கும், இடுக்கு வழியாக வானம் தெரியும். பதறி எழும்பும்போது கால் பட்டால் முட்டை நேராகத் தண்ணீருக்குள். தண்ணீரிலேயே மிதக்கும் கூடு கட்டும் முக்குளிப்பான் இன்னும் பாவம். கூட்டை விட்டு இறங்கும்போது முட்டைகளின் மேல் பாசியையும் தழையையும் இழுத்துப் போர்த்திவிட்டுத்தான் போகும். திடீரென்று விரட்டினால் போர்த்த அவகாசம் ஏது? கரையில் வெறுந்தரையில் முட்டையிடும் ஆள்காட்டி, வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டைமேல் உட்காரும், சூடு தணிய. வெயில் காலத்தில் அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது மட்டும் இல்லை, சூட்டிலிருந்து காப்பதும்தான். ‘ரெண்டு நிமிஷம் பறந்துட்டுத் திரும்ப உக்காந்துடுச்சே, என்னண்ணே போச்சு?’ என்று கேட்ட தம்பிக்கு இதுதான் பதில். முட்டையைத் தூக்கக் காக்கைக்கு ரெண்டு நிமிஷம் தேவையில்லை. அரை நிமிஷம் போதும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானே செய்திருக்கிறேன்.

2011. கையில் முதல் கேமரா. நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டியிருந்த ஒரு ஏரிக்கரையில் காலையிலிருந்து நிற்கிறேன். அவை பாட்டுக்கு உட்கார்ந்திருக்கின்றன. எனக்கோ பறக்கும் படம் வேண்டும். கைதட்டினேன். நாலைந்து மட்டும் தலையைத் திருப்பின. ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் எறிந்தேன். மரம் மொத்தமும் எழும்பியது. ‘கிடைத்துவிட்டது’ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. ராத்திரி கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் தெரிந்தது: படத்தின் மேல் மூலையில், காலியான ஒரு கூட்டின் விளிம்பில் காக்கை. அலகில் முட்டை. அடுத்த படத்தில் அதே கூட்டில் இரண்டு காக்கைகள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த மூலையை வெட்டிவிட்டுப் படத்தைப் போட்டேன். நான் போட்டதிலேயே அதிகம் பேர் பாராட்டியது அதைத்தான்.

எனவே ‘பொறாமை’ என்று எழுதுகிறவர்களே, என்ன பொறாமை எனக்கு? அந்த வீடியோவை எடுத்தவனைப் பறவை பார்க்க முதன்முதலில் கூட்டிப்போனதே நான். தாழைக்கோழி எது, நாமக்கோழி எது என்று கேட்டுக்கொண்டு என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தவன். பாம்புத்தாரா தண்ணீருக்கு மேல் கழுத்தை மட்டும் நீட்டியதைக் கண்டு ‘அண்ணே பாம்பு’ என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தவன். முதலில் அவனிடம் தனியாகத்தான் சொன்னேன், எடுத்துவிடு என்று. எடுக்கவில்லை. ‘பழைய ஆளுக்கு வயித்தெரிச்சல்’ என்று யாரோ எழுதியதற்குக் கீழே ஒரு சிரிப்பு பொம்மையைப் போட்டிருக்கிறான். போடட்டும். அவன் என்னைக் கேலி செய்வது வலிக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த 14ஆவது நொடி அதைவிட வலிக்கிறது.

‘250 கிராமுக்குள் இருக்கும் ட்ரோன், இதற்கு பைலட் உரிமம்கூட வேண்டாம்’ என்று சட்டம் பேசுகிறார் ஒருவர். 2021 ட்ரோன் விதிகளில் அப்படி இருக்கிறது, சரி. அதே நாட்டில் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. அதில் வேட்டை என்பதற்கு என்ன விளக்கம் கொடுத்திருக்கிறார்கள் என்று படித்துப் பாருங்கள். காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைத்துத் தொந்தரவு செய்வதும் அதற்குள் அடக்கம். சுட்டால்தான் வேட்டை என்று இல்லை. தலைக்கு மேல் இரைச்சலோடு இறங்குவது 250 கிராமா 2 கிலோவா என்று நாரை எடைபோட்டுப் பார்க்குமா?

இது அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது. 2021 மே மாதம், கலிபோர்னியாவில் போல்சா சிக்கா என்ற சதுப்பு நிலம். ஆலா என்னும் கடற்பறவைகள் கூடு வைத்திருந்த மணல்திட்டில் ஒரு ட்ரோன் விழுந்தது. ஒரே ஒரு ட்ரோன். கூட்டம் மொத்தமும் கிளம்பிப் போனது, திரும்பவே இல்லை. குறைந்தது 1,500 முட்டைகள் மணலில் அப்படியே கிடந்தன. நம் ஏரியில் ட்ரோன் விழவில்லை என்பது நம் நல்ல நேரம், அவ்வளவுதான்.

இன்னொரு கேள்வி: ‘ஏரியை வளைத்துப் போடுகிறவனைக் கேட்கவில்லை, சாக்கடை விடுகிறவனைக் கேட்கவில்லை, ஒரு சின்னப் பையனிடம் வீரமா?’ ஆக்கிரமிப்பும் சாக்கடையும் பெரிய கொடுமைதான். மறுக்கவில்லை. அதனால்தானே சொல்கிறேன், மிச்சம் இருக்கும் பத்து மரத்திலாவது அவற்றை நிம்மதியாக விடுங்கள் என்று!

‘வீடியோ விழிப்புணர்வுக்காக’ என்று மட்டும் என்னிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். வேடந்தாங்கலில் பறவைகளைக் காத்தவர்களிடம் ஒரு கேமராவும் கிடையாது. துப்பாக்கியோடு வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் நின்று, பறவைகளைக் காக்க எழுத்துமூலம் உத்தரவு வாங்கிய விவசாயிகள் அவர்கள். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பல வருஷமாக. அங்கேயும் குழந்தைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் மத்தாப்பு மேல் ஆசை இருக்காதா? திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் கொடுத்து வளர்த்து விட்டிருக்கிறார்கள். விழுந்த குஞ்சுக்குக் கீழே இறங்கி வந்து இரை கொடுக்கத் தாய்ப்பறவை பெரும்பாலும் வராது என்பதால். ஊர் ஊராக இப்படி வாயை மூடி, வெடியை மூடி, தலைமுறையாகக் காத்த ஒன்றை ஒரு 40 நொடி வீடியோவுக்காகக் கலைக்க நமக்கு யார் உரிமை கொடுத்தது? நமக்கு என்றுதான் சொல்கிறேன், என்னையும் சேர்த்து.

படமே எடுக்காதே என்று நான் சொல்லவில்லை. கரையில் மறைந்து உட்காருங்கள். இரை தேடப் போன கூழைக்கடா தானாகத் திரும்பி வரும், சிறகை மடக்கி இறங்கும், குஞ்சு அதன் தொண்டைப்பைக்குள் தலையை விட்டு மீன் எடுக்கும். அது பறக்கும் படத்தைவிட எந்த விதத்தில் குறைச்சல்? மூன்று மணி நேரம் உட்கார வேண்டும், அதுதான் சிரமம். கூட்டில் இருக்கும் பறவை சும்மா எழும்பாது. அதுவாக எழும்பும் வரை காத்திருக்க முடியாதவர்கள் ஏரிப்பக்கம் வராதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த வீடியோவை எடுத்தவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ‘உங்க அந்த நத்தைகுத்தி படத்தைப் பார்த்துத்தானே அண்ணே நானே பறவை பார்க்க வந்தேன்?’ வேறு எதுவும் எழுதவில்லை. கொஞ்ச நேரம் எனக்குக் கை ஓடவில்லை.

அந்தப் படத்தை இப்போது நீக்கிவிட்டேன். மூலையை வெட்டாத முழுப் படத்தை முதல் கமெண்டில் போட்டிருக்கிறேன். இடது ஓரம், மேலே பாருங்கள்.