டியூட்டிக்கு முன் செய்யும் ஜெபம்

"ஆண்டவரே, இன்றைய வேலையை ஆயத்தம்பண்ணி ஆசீர்வதியும்." சபையில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் இந்த வரியைத் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். முன்பு வீட்டு வாசலில் அம்மா தலையில் கைவைத்துச் சொன்னது, இப்போது ரோஜாப்பூப் படத்தோடு வாட்ஸ்அப்பில் வருகிறது. ஜெபத்தில் எனக்குக் குறையே இல்லை. ஜெபித்தாயிற்று, இனி அவர் பார்த்துக்கொள்வார் என்று கையைக் கட்டிக்கொள்கிறோமே, அதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை.

நான் நர்ஸ். எங்கள் வேலையில் 'ஆயத்தம்' என்றால் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுச் செய்கிற காரியம். நைட் சிஸ்டரிடம் ஓவர் (வார்டுப் பொறுப்பு) வாங்கியதும் எமர்ஜென்சி டிராலியைத் திறக்க வேண்டும். தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பில் பிளேடை மாட்டி விரித்தால் பல்பு வெள்ளையாகப் பளிச்சென்று எரிய வேண்டும். மஞ்சளாக மினுங்கினால் பேட்டரி போகப்போகிறது என்று அர்த்தம். கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக்கை அமுக்கிப் பார்க்கணும், சளியை உறிஞ்சும் சக்ஷன் இழுக்கிறதா என்று பார்க்கணும், ஆக்சிஜன் சிலிண்டரின் கேஜ் எங்கே நிற்கிறது என்று பார்க்கணும், அட்ரினலின் ஆம்பூலின் (சின்ன மருந்துக் குப்பி) எக்ஸ்பயரி தேதியைப் படிக்கணும். பொட்டாசியம் குளோரைடு மற்ற ஆம்பூல்களோடு கலந்து கிடக்கிறதா என்றும் பார்க்கணும். அதை நீர்க்கச் செய்யாமல் நேரடியாக ரத்தக்குழாயில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். என் காலை ஜெபத்தில் பாதி இந்த டிராலி முன்னால்தான் நடக்கிறது. கண்ணை மூடாத ஜெபம். மூடினால் தேதியை எப்படிப் படிப்பது!

இது பக்திக் குறைச்சல் என்று ஒரு பெரியவர் சொன்னார். அவருக்கு நான் காட்டியது வேதத்தில் வரும் நெகேமியாவை. பாரசீக ராஜா அர்தசஷ்டாவுக்குத் திராட்சரசம் எடுத்துக் கொடுக்கிற உத்தியோகம் அவருக்கு. எருசலேமின் அலங்கம் (நகர மதில்) இடிந்து கிடக்கிற செய்தி கேட்டு அழுது, உபவாசித்து, மாதக்கணக்கில் காத்திருக்கிறார். ஒருநாள் ராஜாவே "உனக்கு என்ன வேண்டும்" என்று கேட்கிறார். பதில் சொல்வதற்கு முன் நெகேமியா ஒரு ஜெபம் செய்கிறார். மிஞ்சிப் போனால் ஒரு மூச்சு நேரம் இருக்கும். என்ன சொல்லி ஜெபித்தார் என்றுகூட வேதத்தில் எழுதவில்லை. அதற்கடுத்து அவர் சொன்னதையும் கேட்டதையும் பாருங்கள்: போய்த் திரும்ப எவ்வளவு காலம் ஆகும் என்று ராஜாவிடம் சொன்ன கணக்கு, நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதம், வாசல் கதவுகளுக்கு மரம் கொடுக்கச் சொல்லி வனக்காவலன் ஆசாப்புக்குத் தனிக் கடிதம். இத்தனையும் ராஜா கேட்ட பிறகு தோன்றியிருக்குமா? அழுத மாதங்களிலேயே மரக்கணக்கும் ஓடியிருக்கிறது என்றுதான் நான் வாசிக்கிறேன். பிறகு எருசலேமில் அலங்கத்தைக் கட்டும்போது எதிரிகள் மிரட்டியபோதும் அதே கதைதான். ஜெபம் செய்தோம், இரவும் பகலும் காவலும் வைத்தோம் என்று ஒரே வசனத்தில் இரண்டையும் சொல்கிறார். அலங்கம் 52 நாளில் முடிந்தது.

நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலூர் சிஎம்சி மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரைப் பற்றி மிஷனரி ஞாயிறுகளில் கேட்காதவர்கள் குறைவு. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவி கேட்கிறார்கள். ஐடாவின் அப்பா டாக்டர்தான். ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்கிறார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். பிரசங்கத்தில் அந்த இரவை உருக்கமாகச் சொல்லி, அடுத்த வாக்கியத்தில் வேலூர் சிஎம்சியைக் கட்டி முடித்துவிடுவார்கள். நடுவில் அமெரிக்காவில் அவர் மருத்துவம் படித்த வருஷங்கள் காணாமல் போய்விடும். 1899-இல் பட்டம் வாங்கி, 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்தார். அந்த இரவில் அவர் செய்த ஜெபத்துக்கு ஆண்டவர் கொடுத்த பதிலில் அனாடமிப் பரீட்சையும் சேர்த்திதானே?

எபேசு சபைக்கு எழுதிய நிருபத்தில் பவுல் சொல்கிறார்: நாம் செய்யவேண்டிய நற்கிரியைகளை தேவன் முன்னதாகவே ஆயத்தம்பண்ணி வைத்திருக்கிறார் என்று. அப்படியானால் வேலை தயார். நான் தயாரா என்பதுதான் பாக்கி. அதனால் "இன்று எமர்ஜென்சி எதுவும் வராமல் காத்தருளும்" என்று கேட்பதைக் குறைத்துக்கொண்டேன். (நைட் டியூட்டியில் மட்டும் இன்னும் கேட்கிறேன், பொய் சொல்ல மாட்டேன்.) வருகிறவரை ஏற்கும் பொறுமையை, ஒரே கேள்வியை நாலாவது முறை கேட்கும் தாத்தாவிடம் கடுகடுக்காத நாக்கை, டோஸ் கணக்குப் போடும்போது சிதறாத கவனத்தைக் கேட்கிறேன்.

எங்கள் வார்டில் ஒரு அக்கா பிஸ்மில்லாஹ் சொல்லாமல் ஊசி எடுக்க மாட்டார். இன்னொரு தங்கச்சி மருந்துத் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். இருவருமே சீட்டில் பெயரை இரண்டுமுறை பார்க்காமல் மருந்து கொடுத்து நான் பார்த்ததில்லை. ஜெபம் மனிதரை அசட்டையாக்கும் என்பவர்கள் இவர்களோடு ஒரு ஷிஃப்ட் நின்று பார்க்கட்டும்.

இன்னொன்றும் சொல்லியே ஆகணும். ராத்திரி முப்பது படுக்கைக்கு இரண்டே பேரை நிறுத்திவிட்டு, காலையில் ஸ்டாஃப் எல்லாரையும் கூட்டி "ஆண்டவர் பெலன் தருவார்" என்று ஜெபித்து அனுப்புகிற நிர்வாகங்கள் உண்டு. அப்படி ஒரு இடத்தில் நானும் வேலை பார்த்திருக்கிறேன். அந்த ஜெபத்துக்கு எனக்கு ஆமென் வரவில்லை. ஆள் போடுவது அவர்கள் கையில் இருக்கிற வேலை, அதை ஆண்டவர் தலையில் கட்டக்கூடாது. நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து ஜெபித்துவிட்டு, ஒவ்வொரு வார்டிலும் எத்தனை படுக்கை, எந்த ஷிஃப்டில் எத்தனை பேர் என்று எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். "ஜெபிக்கிற பிள்ளைகள் இப்படி மனு எழுதலாமா?" என்று கேட்டார்கள். நெகேமியா இரண்டாம் அதிகாரத்தை வாசியுங்கள் என்றேன். அவரும் கடிதம்தான் கேட்டு வாங்கினார்.