மேடைக் கையெழுத்தும் வர்த்தமானியும்

இலங்கையின் புதிய ஜனாதிபதி பதவியேற்ற அன்றே, ஆட்சி அதிகாரத்தை ஜனாதிபதியிடம் குவிக்கும் நிறைவேற்று ஜனாதிபதி முறைமையை ஒரே கையெழுத்தில் ஒழிப்பதாக நகைச்சுவை நாடகமொன்றில் வந்த காட்சியை, உண்மையில் நடந்ததாகப் பதிவொன்றில் ஒருவர் எழுதியிருப்பது தவறு. 2024 செப்டெம்பர் 23 அன்று பதவியேற்ற அநுர குமார திசாநாயக்க, மறுநாள் ஹரிணி அமரசூரியவைப் பிரதமராக நியமித்து, அன்றிரவே பாராளுமன்றத்தைக் கலைக்கும் வர்த்தமானியில் (அரசிதழ் அறிவித்தலில்) ஒப்பமிட்டார். 2020 ஓகஸ்டில் கூடிய அப்பாராளுமன்றம் இரண்டரை ஆண்டுகளைக் கடந்திருந்ததால், கலைக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பே அவருக்கு அளித்திருந்தது. முறைமையை ஒழிப்பதற்கோ பாராளுமன்றத்தில் மூன்றிலிரண்டு பெரும்பான்மையும், அதற்கு மேல் சர்வசன வாக்கெடுப்பில் மக்களின் ஒப்புதலும் வேண்டும். இம்முறைமையை ஒழிப்போம் என்ற வாக்குறுதியை 1994 முதல் கேட்டுவரும் யாழ்ப்பாணத்து வாக்காளர் அக்காட்சியை நம்ப விரும்புவது எனக்கு நன்றாகவே விளங்குகிறது. ஆயினும் அதைச் செய்தியாகப் பகிர வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன்.