இலவசப் படிப்புக்கு அடைவு வைத்த சங்கிலி

"கம்பஸ் கிடைச்சிட்டுதாம். இனி என்ன, பிறீதானே!" பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வந்த நாளில் இருந்து சந்தையிலும் கோயில் வீதியிலும் இதே கதைதான். பிறீதான், மறுக்கவில்லை. இலங்கையில் கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா 1945இல் கொண்டுவந்த இலவசக் கல்வியால் இன்றைக்கும் அரச பல்கலைக்கழகத்தில் முதல் பட்டத்துக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. இங்கிலாந்திலும் 1998 வரை இல்லாமல்தான் இருந்தது. 2025இல் உள்நாட்டுப் பிள்ளைக்கே வருஷத்துக்கு 9,535 பவுண் வரை வந்துவிட்டது. லண்டனில் இருக்கிற எங்கள் சொந்தங்களின் பிள்ளைகள் பட்டத்தோடு கடனையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். அதைப் பார்த்தால் எங்களுக்குக் கிடைத்தது பெரிய கொடை.

ஆனால் பிள்ளை சாப்பிட வேண்டும், எங்காவது படுக்க வேண்டும்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளைக்குக் கொழும்புப் பக்கம் மொறட்டுவப் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது. தாய் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்கு எழுதி வைத்திருந்தார். போர்டிங் முற்பணம், மெத்தை, நுளம்பு வலை, வாளி, பஸ் காசு என்று ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு தொகை. கடைசியில் லப்டொப். அதற்கு நேரே தொகை இல்லை, 'சங்கிலி' என்று மட்டும் இருந்தது. வங்கியில் அடைவு வைக்கப்போகிறாராம். 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360க்குப் பாய்ந்தபோது ஏறின விலைகள் இவை. டொலர் பிறகு 300 பக்கம் இறங்கிவிட்டது, கடைக்காரர்தான் இறங்கவில்லை. அரசாங்கத்தை மட்டும் திட்டவும் முடியாது. யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் கம்பஸ் பிள்ளைகளுக்கு அறை வாடகையை ஏற்றிக்கொண்டு போவது யார்? நாங்கள்தானே.

"மஹாபொல இருக்கே" என்பீர்கள். கம்பஸ் பிள்ளைகளுக்கு மாதா மாதம் கொடுக்கிற உதவித்தொகை அது, அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலி 1981இல் தொடக்கிய நல்ல திட்டம். எத்தனையோ ஏழை வீட்டுப் பிள்ளைகள் அதை நம்பித்தான் பட்டம் முடித்தார்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாயாக இருந்ததை 7,500 ஆக்கினார்கள், மஹாபொல கிடைக்காத பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பேர்சரி 4,000இல் இருந்து 6,500 ஆனது. சந்தோஷம். அந்த 7,500ஐ முப்பதால் பிரித்தால் நாளுக்கு 250 ரூபாய்தான் வந்தது. கொழும்புப் பக்கம் ஒரு நேரச் சோற்றுப் பார்சலோடு அது முடிந்தது.

தொகையை விட எனக்கு உறுத்துவது, அந்தக் காசு எப்போது வருகிறது, யாருக்கு வருகிறது என்பதுதான். செலவு முழுக்க, கம்பஸில் பதியப் போகிற மாதத்திலேயே வந்து நிற்கும். உதவிக்கோ விண்ணப்பம், விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதம், பிரதேச செயலகத்துக் கையொப்பம், பிறகு தெரிவு என்று மாதக்கணக்கில் இழுபடும். நிலுவை பின்னால் சேர்ந்து வரும்தான். போர்டிங்கார அம்மா அதுவரை பொறுப்பாரா?

அடுத்தது, யாருக்கு உதவி என்று தீர்மானிக்கப் பார்க்கிற வீட்டு வருமானம். பாடசாலை எழுதுநரின் சம்பளம் சதக் கணக்கோடு துண்டில் இருக்கிறது. கடை வைத்திருப்பவரின் வருமானம் அவர் சொல்கிறதுதான். வெளிநாட்டில் இருந்து அண்ணன் அனுப்புகிற காசோ எந்தப் படிவத்திலும் ஏறாது. அதனால் அடைவுச்சீட்டோடு அலைகிற வீடு 'வசதியான வீடு' ஆகிவிடுகிறது, வசதியான வீடு தாளில் ஏழையாகி உதவி எடுக்கிறது. ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் வாய் திறக்கமாட்டோம். நாளைக்கு எங்கள் பிள்ளைக்கும் அதே கடிதம் தேவைப்படும்.

(உயர்தரத்தில் தகுதி பெற்றும் அரச பல்கலைக்கழகத்துக்குள் போக முடியாத பிள்ளைகள்தான் கூட. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் இடம். மற்றவர்களில் ஒரு பகுதியினருக்கு 2017இல் தொடங்கிய வட்டியில்லாக் கடன் இருக்கிறது. அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

இனி நான் சொல்ல வந்த விஷயம். பழைய மாணவர் சங்கங்கள். ரொறன்ரோ கிளை, லண்டன் கிளை, கொழும்புக் கிளை என்று எங்களிடம் இல்லாத கிளையா? அந்தக் காசில் எழும்புவது வளைவு, மண்டபம், பெயர்ப்பலகை. பல்கலைக்கழகம் தெரிவான பிள்ளைகளை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தி, ஒரு கேடயமும் கொடுத்துப் படம் எடுப்போம். அந்தப் படத்தில் நிற்கிற பிள்ளை அடுத்த கிழமை பஸ் ஏற வழி இருக்கா என்று ஒருத்தரும் கேட்பதில்லை. மண்டபத்துக்குக் கல்வெட்டு வைக்கலாம். மாதம் மாதம் ஒரு பிள்ளையின் வங்கிக் கணக்கில் விழுகிற காசுக்கு எங்கே வைப்பது?

நான் கேட்பது சின்ன விஷயம். பதிவு நாளில் இருந்து மஹாபொலவோ பேர்சரியோ கைக்கு வரும்வரை, ஒரு பிள்ளைக்குப் போர்டிங் காசும் சாப்பாட்டுக் காசும் சங்கம் கொடுக்கட்டும். எந்த உதவியும் கிடைக்காத பிள்ளைக்கு முதல் வருஷம் முழுக்கக் கொடுக்கட்டும். யாருக்குக் கொடுப்பது என்பதை வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். எந்த வீட்டில் சங்கிலி அடைவில் இருக்கிறது என்று விதானையாரை விட அவருக்கு நன்றாகத் தெரியும். மேடையும் படமும் வேண்டாம்.

எங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைப் பிரேரணையாகக் கொடுக்கப்போகிறேன். நிர்வாகத்தில் சிலருக்குப் பிடிக்காது, புதுப் பிரவேச வாயிலுக்கு ஏற்கெனவே வரைபடம் கீறியாயிற்று. வழிமொழிய ஒருத்தர் வேண்டும். எங்களோடு படித்த ஆட்கள் இதை வாசித்தால் உள்பெட்டிக்கு வாருங்கள்.