கைக் கட்டுப்பாடு வைத்த காருக்கு இன்சூரன்ஸ் கிடையாதா?

"கால் ஊனமுற்றோர் காரில் கைக் கட்டுப்பாடு பொருத்துவது சட்டவிரோதம். ஆர்டிஓ பறிமுதல் செய்வார், இன்சூரன்ஸும் செல்லாது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. கைக் கட்டுப்பாடு என்பது பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் காலுக்குப் பதில் கையால் இயக்கும் அமைப்பு.

வாகனத்தின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மை. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52(2) பிரிவு, சொந்த வண்டியை மாற்றுத்திறனாளிக்கு ஏற்ப மாற்றிக்கொண்டு, பிறகு ஆர்டிஓ ஒப்புதல் பெறலாம் என்கிறது. அத்தகைய வண்டியை ஓட்ட உரிமமும் உண்டு. இணைப்புச் சக்கர ஸ்கூட்டர்களைத் தமிழக அரசே கொடுக்கிறதே, அவை சாலையில் ஓடத்தானே செய்கின்றன!

இதில் பயப்படும் அளவுக்குப் பெரிய மாற்றமும் இல்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு நெம்புகோல். அதிலிருந்து பெடல்களுக்குக் கம்பிகள். பெரும்பாலான அமைப்புகளில் முன்னால் தள்ளினால் பிரேக், இழுத்தாலோ திருகினாலோ ஆக்சிலரேட்டர். பெடல்கள் அப்படியே இருப்பதால் வீட்டில் மற்றவர்களும் அதே காரை ஓட்டலாம். ஆட்டோமேட்டிக் காரென்றால் கிளட்ச் தொல்லையும் இல்லை.

இன்சூரன்ஸ் கதை இன்னும் வேடிக்கை. வாகனக் காப்பீட்டுக் கட்டணங்களை வகுத்த 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதிகள் இத்தகைய வண்டிகளுக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் (நம் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான பிரீமியத்தில்) 50% தள்ளுபடிக்கே இடம் வைத்தன. நிபந்தனை, மாற்றம் ஆர்சி புத்தகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதியாமல், காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லாமல் ஓட்டினால்தான் கிளெய்ம் நேரத்தில் சிக்கல்.