வயதான பூனைக்குத் தெள்ளு மருந்து போடும் முன் எடை பாருங்கள்

வயதான பூனைக்குத் தெள்ளு மருந்து போடலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, கடைசியாக எப்போது எடை பார்த்தீர்கள் என்பதைத்தான். பெரும்பாலானவர்களிடம் பதில் இருக்காது. தூக்கிப் பார்த்துவிட்டு நாலு கிலோ இருக்கும் என்பார்கள். அந்தக் கணக்கை நம்பித்தான் மருந்தும் வாங்குகிறார்கள்.

பத்து வயது தாண்டிய பூனை இளைப்பது கண்ணுக்குத் தெரியாது. தசை வற்றி முதுகெலும்பு கையில் தட்டுப்பட ஆரம்பித்த பிறகும், மேலே இருக்கிற ரோமம் எல்லாவற்றையும் மறைத்துவிடும். தைராய்டு அதிகமாகச் சுரக்கும் பூனை தட்டைக் காலி செய்துகொண்டே இளைக்கும். சிறுநீரகம் பழுதாகும் பூனை தண்ணீரை நிறையக் குடித்துக்கொண்டே இளைக்கும். இந்த இரண்டு நோயும் வயதான பூனைகளிடம் மிக சகஜம். தினமும் மடியில் வைத்திருக்கிற நமக்குத்தான் கடைசியில் தெரியவரும்.

கழுத்தில் விடும் சொட்டு மருந்துகளின் அளவு எடையை வைத்துத்தான் தீர்மானிக்கப்படுகிறது. உதாரணத்துக்கு, இமிடாகுளோப்ரிட் சொட்டு மருந்து பல நாடுகளில் நாலு கிலோவுக்குக் கீழே உள்ள பூனைக்கு 0.4 மில்லி, அதற்கு மேலே 0.8 மில்லி என்று வருகிறது. ஐந்து கிலோவாக இருந்த பூனை மூன்றரைக் கிலோவுக்கு வந்த பிறகும் வழக்கமான அதே பெட்டியை வாங்கினால், போடுவது இரண்டு மடங்கு. இமிடாகுளோப்ரிட் என்பதால் பெரும்பாலும் தப்பித்துவிடும், அது ஓரளவு தாங்கக்கூடிய மருந்து. எல்லா மருந்தும் அப்படி இல்லை. அதோடு, சிறுநீரகமும் கல்லீரலும் தளர்ந்த உடம்பில் கூடுதல் அளவு என்ன செய்யும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. பூனையை ஒரு கூடையில் உட்காரவைத்து, குழந்தைகளை நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்து, கூடையின் எடையைக் கழித்தால் சரியான எடை தெரிந்துவிடும். மருந்து போடும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு மருந்து பூனைக்குப் பாதுகாப்பானது என்று பெட்டியில் போட்டிருந்தால், அந்தச் சோதனைகள் பெரும்பாலும் ஆரோக்கியமான இளம் பூனைகளிடம் நடந்தவை. வயதான, நோயுற்ற பூனையாக இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போடவும் என்ற வரி உள்ளே மடித்து வைத்த தாளில் பொடி எழுத்தில் இருக்கும். அந்த வரி பெட்டியின் முகப்பிலேயே பெரிதாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. விற்கிறவர்களாவது வயதையும் எடையையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுக்கலாம்.

சரி, எந்த மருந்து? இதில் எனக்கு விட்டுக்கொடுக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. பெர்மெத்ரின். நாய்களுக்கான சொட்டு மருந்துகள் பலவற்றில் இது 45 சதவீதத்துக்கு மேல் இருக்கும். நாய்க்கு ஒன்றும் ஆகாது. பூனையின் கல்லீரலில் குளுகுரோனிடேஷன் என்ற வேலை மிகக் குறைவாகத்தான் நடக்கும், அதனால் இந்த நஞ்சைப் பிரித்து வெளியேற்ற அதனால் முடிவதில்லை. பாராசிட்டமால் பூனையைக் கொல்வதற்கும் இதே குறைபாடுதான் காரணம். பெர்மெத்ரின் பட்ட பூனைக்குக் காதும் முகமும் துடிக்க ஆரம்பிக்கும், பிறகு உடம்பு முழுக்க நடுக்கம், வலிப்பு, காய்ச்சல் போலக் கொதிக்கும் உடம்பு. சில மணி நேரத்திலேயே தொடங்கலாம், ஒன்றிரண்டு நாள் கழித்தும் தொடங்கலாம். நாய் மருந்தில் பாதி விட்டால் போதும், சின்ன உடம்புதானே என்று இன்னமும் யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாதியே கொல்லும். மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுத்தாலும், அதை நக்கிவிட்டாலும் பூனைக்கு ஆபத்துதான்.

சொட்டு மருந்துகளால் வந்த பாதிப்புப் புகார்கள் கூடியதால் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2009இல் அவற்றை ஆராயத் தொடங்கியது. நாய் மருந்தைப் பூனைக்குப் போடுவது அதில் வெளிப்பட்ட முக்கியமான பிரச்சினைகளில் ஒன்று. இத்தனை வருஷம் கழித்தும் அது நிற்கவில்லை. அதனால் பெட்டியில் இருக்கும் பூனைப் படத்தைப் பார்க்காமல், மூலப்பொருள் பெயரைப் படியுங்கள்.

ஐசாக்சசோலின் வகை மருந்துகள் புதியவை. ஃப்ளூரலேனர், லோட்டிலேனர், சரோலேனர் எல்லாம் இந்த வகை. நன்றாக வேலை செய்யும், பெரும்பாலான பூனைகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் 2018 செப்டம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விட்டது: சில நாய், பூனைகளுக்குத் தசை நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரலாம், முன்பு வலிப்பே வராத விலங்குக்கும் வரலாம் என்று. இந்த வகையை ஒட்டுமொத்தமாக மோசம் என்று அது சொல்லவில்லை. வலிப்பு வந்த சரித்திரம் உள்ள பூனைக்கு வேறு வழி இருக்கும்போது நான் இதை விரும்ப மாட்டேன். இன்னொரு தயக்கமும் உண்டு. ஃப்ளூரலேனர் ஒருமுறை போட்டால் 12 வாரம் நிற்கும். இளம் பூனைக்கு அது வசதி. சிறுநீரகப் பரிசோதனையில் அடுத்த மாதம் என்ன வருமோ என்றிருக்கும் 15 வயதுப் பூனைக்கு, ஒவ்வாமல் போனால் உடம்பிலிருந்து திரும்ப எடுக்க முடியாத ஒன்றை மூன்று மாதத்துக்குச் சேர்த்துப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் தடவை ஒரு மாதம் நிற்கும் செலமெக்டின் போன்றவற்றில் தொடங்கலாமா என்று மருத்துவரிடம் தாராளமாகக் கேளுங்கள்.

இதையெல்லாம் படித்துப் பயந்து, மருந்தே வேண்டாம் என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது. அதுவும் ஆபத்துதான். தெள்ளு ரத்தம் குடித்து வாழும் பூச்சி. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறால் ரத்தம் குறைந்த கிழப்பூனைக்கு, தெள்ளு நிறைய ஏறினால் ரத்தசோகை உயிரை எடுக்கும் அளவுக்குப் போகும். ஈறு வெளுத்திருந்தால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மூட்டுவலி வந்த பூனையால் திரும்பி முதுகை நக்கிச் சுத்தம் செய்ய முடியாது, தெள்ளுக்கு அது ரொம்ப வசதி. என் பூனைக்கு இப்போது 16 வயது. வாலடிப் பக்கம் அதற்கு எட்டுவதே இல்லை. அங்கே தெள்ளுச் சீப்பை ஓட்டி, வந்த கறுப்புத் துகள்களை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டுவேன். ஒரு நிமிடத்தில் ஓரம் செம்பழுப்பாகக் கசிந்தால் அது மண் இல்லை, தெள்ளு குடித்துக் கழித்த ரத்தம். சீப்பு பிடிக்கும் பழக்கம் எந்த வயதுப் பூனைக்கும் கெடுதல் செய்யாது.

அப்புறம், சண்டையின் முழுப் பாரத்தையும் அந்தக் கிழ உடம்பின் மேலேயே ஏற்ற வேண்டியதில்லை. ஒரு பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40 முட்டை வரை இடும். முட்டைகள் ரோமத்தில் தங்காமல் உருண்டு, பூனை படுக்கிற இடமெல்லாம் விழும். கூட்டுப்புழுவாக மாதக்கணக்கில் காத்திருக்கவும் அதனால் முடியும். படுக்கை விரிப்பை 60 டிகிரி சூட்டில் துவைப்பது, சோபா இடுக்கையும் கட்டிலடியையும் வாக்குவம் போடுவது, வீட்டிலுள்ள மற்ற விலங்குகளுக்கும் அதனதன் மருந்தைப் போடுவது என்று தொடர்ந்து செய்தால் வயதான பூனைக்குத் தேவைப்படும் மருந்தும் குறையும். வீட்டுக்கு அடிக்கும் ஸ்பிரேயிலும் பெர்மெத்ரின் இருக்கலாம், அதையும் படித்துவிட்டு வாங்குங்கள்.

இயற்கை வைத்தியம் பேசுகிறவர்களிடம் எனக்குக் கோபமே வரும். டீ ட்ரீ எண்ணெய் பூனைக்கு நஞ்சு. பூண்டு அதன் சிவப்பணுக்களை உடைக்கும். மேலே எதைத் தடவினாலும் பூனை அதை நக்கி உள்ளே அனுப்பிவிடும் என்பதை யோசித்தாலே போதும்.

மருந்து போடுவதற்கு முன்னால் சமீபத்திய ரத்தப் பரிசோதனை கையில் இருக்கட்டும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் தைராய்டின் நிலையைக் காட்டும் டி4ம் அதில் இருக்க வேண்டும். ஏற்கெனவே கொடுக்கும் மாத்திரைகளை எல்லாம் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு தெள்ளு மருந்து வேண்டாம், தெள்ளு மருந்து கலந்த கழுத்துக் காலரும் கணக்கில் சேர்த்திதான். நாக்கு எட்டாதபடி பிடரியில், ரோமத்தை விலக்கித் தோலில் விடுங்கள். நாள் முழுக்க நீங்கள் வீட்டில் இருக்கப்போகும் ஒரு நாளில், மருத்துவமனை திறந்திருக்கும் காலை வேளையாகப் பார்த்துப் போடுங்கள். இரவு தூங்கப்போகும் முன் போட்டால் நடுக்கம் வந்தாலும் யார் பார்ப்பது?

ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால், பூனை தெளிவாக இருக்கும் பட்சத்தில், பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொண்டு வெதுவெதுப்பான தண்ணீரில் அந்த இடத்தைக் கழுவி, துவட்டி, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். வலிப்பு வந்துகொண்டிருந்தால் கழுவிக்கொண்டு நிற்க வேண்டாம், நேராகப் போங்கள். போகும்போது மருந்துப் பெட்டியையும் எடுத்துப் போங்கள். எந்த மருந்து, எத்தனை சதவீதம், எப்போது போட்டது என்பதுதான் அங்கே முதல் கேள்வியாக இருக்கும்.