வேகத்தை விட்டால் வேறு பேச்சே இல்லையா?

எழுதிய பதிவுகளை வலைத்தளமாக மாற்றித் தரும் கருவிகளில் எது நல்லது: ஜெக்கிலா, ஹியூகோவா, எலவென்டியா? எந்த ஒப்பீட்டைத் திறந்தாலும் பில்டு வேகம் (தளத்தை உருவாக்கி முடிக்கும் வேகம்), பில்டு வேகம், பில்டு வேகம்! 30 பதிவு உள்ள தளம் அரை நொடியில் பில்டானால் என்ன, ஐந்து நொடியில் ஆனால் என்ன? உயிரை வாங்குவது வேறு இடத்தில்.

தளத்துக்குத் தோற்றம் தரும் தீம், சிஎஸ்எஸ் என்ற வடிவமைப்புக் கோப்பாக மாற்ற வேண்டிய எஸ்சிஎஸ்எஸ்ஸை நம்பியிருந்தால் ஹியூகோவின் சாதாரணப் பதிப்பு போதாமல் போகலாம். இதை யார் சொல்கிறார்கள்? தீமை கிட் சப்மாட்யூலாக, அதாவது இன்னொரு களஞ்சியத்தைச் சுட்டும் இணைப்பாகச் சேர்க்காமல் சும்மா குளோன் செய்து (நகலெடுத்து) உள்ளே போட்டால், நம் கணினியில் எல்லாம் ஜோராக ஓடும். புஷ் செய்து ஹோஸ்டிங்குக்கு அனுப்பியதும் அங்கே தீம் ஃபோல்டர் காலி, இல்லாவிட்டால் பில்டே படுத்துவிடும். அந்தப் பிழைச்செய்தியைப் படித்துக் காரணம் கண்டுபிடிக்க ஒரு ஜென்மம் வேண்டும்.

கிட்ஹப்பின் ஹோஸ்டிங் சேவையான பேஜஸில் தளம் துணைப் பாதையில் இருந்து, அமைப்புக் கோப்பில் தரும் பேஸ் முகவரியில் அந்தப் பாதை விடுபட்டால் சிஎஸ்எஸ் முழுக்க 404, கிடைக்கவில்லை என்ற பிழை. கிட் கிளையிலிருந்து நேரடியாக வெளியிட்டால், அடிக்கோட்டில் (_) தொடங்கும் ஃபோல்டர்களை கிட்ஹப் தானே ஓட்டும் ஜெக்கில் விழுங்கிவிடும். ‘.nojekyll’ என்ற வெற்றுக் கோப்பு வைத்தால்தான் விடும். இதை எந்த அட்டவணையில் போட்டிருக்கிறார்கள்?

பதிப்புக் கூத்து எல்லாவற்றையும்விடக் கொடுமை. கணினியில் ஒரு ஹியூகோ, ஹோஸ்டிங்கில் இன்னொரு ஹியூகோ. நேற்றுவரை ஓடிய தீம் இன்று சாகும். ‘HUGO_VERSION’ என்ற சூழல் மாறியில் (ஹோஸ்டிங் அமைப்பில் தரும் மதிப்பில்) பதிப்பெண்ணைப் பூட்டு என்று எழுத எத்தனை வரி ஆகும்?