மாமாவின் காலும் மோஷாவின் காலும்

மிதிவெடியில் காலை இழந்த யானைக்குட்டி மோஷாவுக்குத் தாய்லாந்தின் லம்பாங்கில் பொய்க்கால் பொருத்தியதை உங்கள் கட்டுரையில் வாசித்ததும் இலங்கையின் மாங்குளத்தில் இருக்கும் என் மாமாதான் கண்முன் வந்தார். அவருக்கும் மிதிவெடியில்தான் முழங்காலுக்குக் கீழே கால் போனது. காலையில் எழுந்ததும் வெட்டுப்பட்ட இடத்தைத் தடவிப் பார்ப்பார், எங்காவது சிவந்திருக்கிறதா என்று. அப்புறம் பவுடர் போட்டு, பருத்தி உறையை மடிப்பு விழாமல் இழுத்துவிட்டுத்தான் பொய்க்காலை மாட்டுவார். ஒரு சின்ன மடிப்பு போதும், பின்னேரத்துக்குள் தோல் உரிந்துவிடும்.

மனிதருக்கே இப்படியென்றால், உடல் எடையில் பாதிக்கு மேல் முன்கால்களில் தாங்கும் யானைக்கு? 2006இல் முன்காலை இழந்தபோது மோஷா ஏழு மாதக் குட்டி. வளர வளரப் பொய்க்காலையும் மாற்ற வேண்டியிருந்தது. இலங்கையின் பின்னவலை யானைகள் காப்பகத்தில் இருக்கும் மூன்று கால் யானை சாமாவையும் கட்டுரையில் சொல்லியிருக்கலாம், அதன் காலைப் பறித்ததும் நம் நாட்டு மிதிவெடிதான்.

கட்டுரை இழந்த காலைப் பற்றியே பேசுகிறது. ஆனால் கூடுதல் சுமை ஏறுவது மிஞ்சிய முன்காலில், முதுகெலும்பும் வளையத் தொடங்கும். ஆழமான தண்ணீரில் இறக்கினால் எடை குறைந்து மூட்டுகளுக்கு ஓய்வு கிடைக்கும். பாகன் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும். இதையும் விரிவாக எழுதுங்கள்.